ஆறாம் நம்பர் கைதியின் ஊரிலே

சிறைச்சாலை என்றதும் நம் மனக்கண் முன்னால் என்ன வந்து நிற்கிறது? உயரமான மதில், இரும்புக் கம்பி, துப்பாக்கி ஏந்திய காவலாளி, அலுமினியத் தட்டில் களி - இவைதானே?

வேல்ஸ் தேசத்தின் வடமேற்குக் கடலோரத்தில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. அங்கே ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. ரோஜா நிறத்திலும் இளமஞ்சளிலும் ஆகாய நீலத்திலும் சின்னச் சின்ன வீடுகள். நடுவிலே நீர்த் தடாகம், சுற்றிலும் பூச்செடிகள், மணிக்கூண்டு, குவிமாடம், கடலைப் பார்த்தபடி நாற்காலிகள். களிக்குப் பதிலாகத் தேநீரும் கேக்கும். உள்ளே போகக் கட்டணம் உண்டு. அதைக் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு ஜனங்கள் உள்ளே நுழைகிறார்கள்!

உண்மையில் அது சிறைச்சாலை அல்ல. போர்ட்மெரியன் என்ற உல்லாசக் கிராமம். ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு ஹோட்டல் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1967-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பிரிட்டிஷ் டெலிவிஷனில் 'தி பிரிஸனர்' - அதாவது 'கைதி' - என்ற தொடர் நாடகம் ஆரம்பமானது. அன்று முதல் இந்த ஊருக்குச் சிறைச்சாலை என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. மொத்தம் 17 பகுதிகள்தான். 1968 பிப்ரவரித் தொடக்கத்தில் நாடகம் முடிந்துவிட்டது. நாடகந்தான் முடிந்ததே தவிர, அதைப் பற்றிய சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. அந்தச் சண்டை நடக்கும் ஊரை நேரில் பார்த்துவிட்டு வந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கதை என்ன?

நாடகத்தைப் பார்க்காத நேயர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டிஷ் உளவுத் துறையில் வேலை பார்ப்பவன் போலத் தோன்றும் ஒருவன், ஒரு நாள் கோபத்தோடு ராஜிநாமாக் கடிதத்தை மேஜையில் வீசிவிட்டு லண்டனிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்புகிறான். ஊரைவிட்டுக் கிளம்பப் பெட்டியை அடுக்குகிறான். கதவின் சாவித் துவாரம் வழியாக ஏதோ புகை வருகிறது, மயங்கி விழுகிறான். விழித்துப் பார்த்தால் அதே அறை. அதே மேஜை, அதே நாற்காலி. ஜன்னல் திரையை விலக்குகிறான். வெளியே லண்டன் இல்லை! முன்பின் பார்த்திராத ஓர் அழகான கிராமம்.

அந்தக் கிராமத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். இவனுக்கு ஆறாம் நம்பர். ஊரை நடத்துகிறவர் இரண்டாம் நம்பர். அந்த நாற்காலியில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு புது ஆசாமி வந்து உட்காருகிறார். வருகிற ஒவ்வொருவரும் கேட்பது ஒரே கேள்வி: "நீ ஏன் ராஜிநாமாச் செய்தாய்?" அவன் சொல்ல மறுக்கிறான். தப்பி ஓடப் பார்த்தால் கடலிலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் பலூன் உறுமிக்கொண்டு துரத்தி வந்து அமுக்கிவிடுகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை! வேளாவேளைக்குச் சாப்பாடு, இசைக் கச்சேரி, சதுரங்கம், உள்ளூருக்குள் மட்டும் ஓடும் டாக்ஸி. கேள்வி கேட்காமல் இருந்தால் ஆயுள் முழுவதும் சௌக்கியமாக இருக்கலாம்.

சரி, அந்த முதலாம் நம்பர் யார்? அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது? கதாநாயகனின் பெயர்தான் என்ன? கடைசியில் அவன் தப்பினானா, இல்லையா? இந்த நான்கு கேள்விகளுக்கும் ரஸிகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாதி ரயில் வேறு ஊருக்கு

லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் போய், அங்கிருந்து ஷ்ரூஸ்பரி வழியாகக் கடலோரத்துக்குப் போகும் ரயிலில் ஏறினேன். இந்த ரயிலில் ஓர் அபாயம் உண்டு. மஹன்லெத் என்ற ஸ்டேஷனில் வண்டி இரண்டாகப் பிரிந்து பாதி ஒரு திசையிலும் பாதி வேறொரு திசையிலும் போகும். எந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக் கவனித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் கைதியின் ஊருக்குப் பதிலாக அபெரிஸ்ட்வித் போய்ச் சேர்ந்து விழிக்க வேண்டியதுதான்!

அதற்கு அப்பால் பிரயாணம் மிகவும் ரம்மியமானது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் மலை. பார்மத்தில் ஆற்று முகத்துவாரத்தின் குறுக்கே நீண்ட மரப் பாலத்தின்மேல் ரயில் மெல்ல ஊர்ந்து போகிறது. பிறகு ஹார்லெக் கோட்டை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் எட்வர்ட் மன்னர் வேல்ஸ் மக்களை அடக்கி வைப்பதற்காகக் கட்டியது. அதைப் பார்த்தால் யாரும் ரகசியம் எதையும் ஆராயத் தேவையில்லை. கல் சுவர்களே, 'நான் உன்னை அடக்க வந்தவன்' என்று சொல்லிவிடுகின்றன. அடுத்த சில மைல்களில் நான் பார்க்கப்போகிற ஊருக்கும் இந்தக் கோட்டைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எண்ணிக்கொண்டேன்.

மின்ஃபோர்த் என்ற சிறிய ஸ்டேஷனில் இறங்கி ஒரு மைல் தூரம் நடந்தால் போர்ட்மெரியன். காட்டுப் பாதை மாதிரி மரங்கள் கவிந்த சாலை. பலகைகளிலெல்லாம் இங்கிலீஷோடு வெல்ஷ் பாஷையும் எழுதியிருக்கிறது. வாசலில் பணம் கட்டி, ஒரு வளைவின் அடியாக நுழைந்து, இன்னொரு வளைவைக் கடந்தேன். திடீரென்று காலடியில் ஊர் விரிந்தது.

வானம் மூடி, லேசான தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சாம்பல் நிற ஆகாயத்தின் கீழே இத்தாலி தேசத்துக் கடற்கரை ஊர் ஒன்றை யாரோ தவறுதலாக இறக்கி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

விழுந்த கட்டடங்களுக்கு அடைக்கலம்

இந்த ஊரைத் தனி ஒருவர் கட்டினார் என்றால் நம்ப முடிகிறதா? ஸர் க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925-ல் இந்த இடத்தை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 42. அடுத்த வருஷமே ஹோட்டலைத் திறந்துவிட்டார். உலக யுத்த காலத்தில் வேலை நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கித் தமது தொண்ணூறு வயதுக்கு மேலும் கட்டிக்கொண்டே இருந்தார். 1978-ல் காலமானபோது அவருக்கு வயது 94.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. இயற்கை அழகு நிறைந்த இடத்தில் கட்டடம் கட்டினால் அந்த அழகு கெட்டுத்தான் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். கெடுக்காமல் கட்ட முடியும், அதை வைத்துப் பிழைக்கவும் முடியும் என்று நிரூபித்துக் காட்டுவதற்காகவே இந்த ஊரை அவர் எழுப்பினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாட்டில் எங்கே ஒரு பழைய மாளிகையை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் இவர் ஓடுவாராம். எம்ரல் ஹால் என்ற மாளிகையை இடித்தபோது அதன் அலங்காரக் கூரையை 13 பவுனுக்கு ஏலத்தில் எடுத்தார். கூரையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது இருந்த கூடத்தின் மற்றப் பகுதிகளையும் தேடிப் பிடித்து வாங்கவேண்டியதாயிற்று. சட்டைப் பொத்தானுக்காகச் சட்டை தைத்த கதைதான்! பிரிஸ்டல் நகரத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டுத் தூண் மண்டபம் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு தாழ்வாரத்தில் பொன்னிறப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். 1958-ல் இங்கிரிட் பெர்க்மன் நடித்து வெளிவந்த ஸினிமா ஒன்றில் சீன தேசத்துக் காட்சிகளை இந்த வேல்ஸ் மலைகளில்தான் படம் பிடித்தார்கள். அந்தப் படத்துக்காகச் செய்த புத்தர் வேலை முடிந்ததும் இங்கேயே தங்கிவிட்டார்.

ஊரிலே கொஞ்சம் கண்கட்டு வித்தையும் இருக்கிறது. சில சுவர்களில் உள்ள ஜன்னல்கள் ஜன்னல்களே அல்ல. வர்ணத்தால் எழுதிய சித்திரம். 'யூனிகார்ன்' என்ற வீடு, தூரத்திலிருந்து பார்த்தால் ஜமீன்தார் மாளிகை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. கிட்டப் போனால் ஒற்றை மாடிக் குடில்! கடற்கரையில் ஒரு கப்பல் நிற்கிறது. கொடிமரம் இருக்கிறது, மேல்தளம் இருக்கிறது. ஆனால் அது கரையோடு கரையாகக் கல்லால் கட்டிய கப்பல். எத்தனை பெரிய அலை வந்தாலும் ஓர் அங்குலம் நகராது.

உல்லாசத்துக்காக வந்தவனுக்கு இதெல்லாம் நல்ல தமாஷ். ஆனால் தப்பி ஓட நினைக்கிறவன் அந்தக் கப்பலைப் பார்த்தால் என்ன நினைப்பான்? பாட்ரிக் மக்கூஹனுக்கு அந்த எண்ணந்தான் தோன்றியிருக்க வேண்டும்.

அழகே காவலாளி

மக்கூஹன் அந்த நாளில் பிரிட்டிஷ் டெலிவிஷனின் பெரிய நட்சத்திரம். 'டேஞ்சர் மேன்' என்ற தொடரில் ஜான் டிரேக் என்ற உளவாளியாக நடித்துப் புகழ் பெற்றவர். அந்தத் தொடரின் முதல் பகுதியில், 1960-ல், இத்தாலிய ஊருக்குப் பதிலாக இந்தப் போர்ட்மெரியனைத்தான் காட்டினார்கள். ஊர் அவர் மனத்தில் பதிந்துவிட்டது. உளவாளி வேஷம் அலுத்துப்போனபோது, 1966-ல், தம்முடைய சொந்தக் கற்பனையோடு இங்கே திரும்பி வந்தார். கதாநாயகனும் அவரே, தயாரிப்புத் தலைவரும் அவரே, சில பகுதிகளுக்கு எழுத்தும் டைரக்ஷனும் அவரே.

இருண்ட கோட்டை ஒன்றில் கதாநாயகனை அடைத்திருந்தால் அது நூற்றோடு நூற்றொன்றாகப் போயிருக்கும். இவ்வளவு அழகான இடத்தில் அடைத்தாரே, அங்கேதான் இருக்கிறது சாமர்த்தியம். ஹார்லெக் கோட்டை மனிதனை மிரட்டி அடக்குகிறது. இந்தக் கிராமமோ உபசாரம் செய்து அடக்குகிறது.

இந்த வர்ணங்களையெல்லாம் அன்றைய பிரிட்டிஷ் ரஸிகர்கள் பார்க்கவே இல்லை என்பதுதான் விந்தை! நாடகத்தை வர்ணத்தில்தான் எடுத்தார்கள். ஆனால் அதை ஒளிபரப்பிய ஐ.டி.வி. நிலையங்களில் 1969 கடைசியில்தான் வர்ண ஒளிபரப்பு வந்தது. ரோஜா நிற வீடுகள் எல்லாம் முதல் தடவையில் சாம்பலும் கறுப்புமாகவே தெரிந்தன.

பெயர் என்ன? ஊர் எது?

தடாகத்தைச் சுற்றிக்கொண்டு, ஆறாம் நம்பரின் வீடாக நாடகத்தில் வந்த வட்ட வீட்டின் முன்னால் போய் நின்றேன். நாடகத்தில் பார்த்த விசாலமான அறை இதற்குள்ளே அடங்கவே அடங்காது! உட்புறக் காட்சிகளை லண்டனுக்குப் பக்கத்திலுள்ள ஸ்டூடியோவில் எடுத்தார்கள். இங்கேயும் ஒரு கண்கட்டு வித்தை.

இந்த வீட்டுக்காரனின் பெயர் என்ன? நாடகத்தில் கடைசி வரையில் சொல்லவில்லை. 'டேஞ்சர் மேன்' ஜான் டிரேக்தான் இவன் என்பது ஒரு கட்சி. நாடகத்தின் கதை ஆசிரியர் குழுவுக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் மார்க்ஸ்டீனே அந்தக் கட்சியைச் சேர்ந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஸ்காட்லாந்தில், ரகசியம் தெரிந்த, ஆனால் வேலைக்கு உதவாத ஒற்றர்களைச் சௌகரியமாக வைத்திருந்த மாளிகை ஒன்று உண்டு. அதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்பார் அவர். நாடகத்தின் ஆரம்பக் காட்சியில் ராஜிநாமாவைப் பெற்றுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் சாக்ஷாத் மார்க்ஸ்டீன்தான்! மக்கூஹனோ, இவன் டிரேக் அல்ல என்று அடித்துச் சொல்லிவந்தார். 'டிரேக் என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பாத்திரத்தைச் சிருஷ்டித்தவருக்குப் பங்கு கொடுக்கவேண்டி வருமே, அதனால்தான் மறுக்கிறார்' என்று குறும்புக்கார ரஸிகர்கள் சொல்வார்கள்.

பெயர்தான் தெரியவில்லை, ஊராவது தெரியுமா? ஒரு பகுதியில், அது லிதுவேனியாவில் போலந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்கிறாள் ஒரு பெண். அவள் சொன்னது நாடகத்துக்குள்ளேயே பொய் என்று ஆகிவிடுகிறது. லண்டனுக்கு வந்து சேர்ந்ததாக அவன் நம்பும் நேரத்தில் பெரிய கடியாரத்தின் மணி ஒலிக்கிறது. அது அவன் கைக்கடியாரத்தோடு ஒத்துப்போகிறது. வேறு தேசத்திலிருந்து வந்தவனின் கடியாரம் ஒரு மணி நேரம் வித்தியாசமாக அல்லவா காட்டவேண்டும்? புறப்பட்ட இடத்தைவிட்டு அவன் நகரவே இல்லை! இன்னொரு பகுதியில், கட்டுமரம் கட்டிக்கொண்டு தப்பி லண்டன் சேர்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஊர் மொராக்கோக் கரையருகே என்று வருகிறது. கடைசிப் பகுதியிலோ லாரியில் ஏறிச் சாலை வழியாகவே லண்டனுக்கு வந்துவிடுகிறான்!

வேடிக்கை என்னவென்றால், படம் பிடித்த இடம் எது என்பதையும் கடைசிப் பகுதி வரையில் வெளியிடவில்லை. அதன் தொடக்கத்தில்தான் போர்ட்மெரியன் ஹோட்டலின் பெயர் திரையில் வந்தது. கதையின் கேள்விகள் அப்படியே இருக்க, தீர்ந்த கேள்வி அது ஒன்றுதான்.

தேநீரும் தர்க்கமும்

தூறல் வலுத்தது. தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். அடுத்த மேஜையில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் போட்டிருந்த கறுப்புக் கோட்டின் ஓரங்களில் வெள்ளைப் பட்டி; நாடகத்தில் ஆறாம் நம்பர் அணிந்த அதே மாதிரிக் கோட்டு. பேச்சுக் கொடுத்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் கண்ணருகே வைத்து எடுத்தார். அது நாடகத்தில் அந்தக் கிராமத்தார் விடை பெறும்போது செய்யும் வந்தனம். 1977-ல் ஆரம்பமான 'ஸிக்ஸ் ஆஃப் ஒன்' என்ற ரஸிகர் சங்கத்தின் கூட்டங்களுக்காக இருவரும் பல தடவை இங்கே வந்திருக்கிறார்களாம். மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடும் சதுரங்கம் நாடகத்தில் வருகிறதல்லவா? அதே மாதிரி இங்கே ஆடிக் காட்டுவார்களாம். அவர் ஒரு முறை சிப்பாய், அம்மாள் ஒரு முறை ராணி.

"அந்தச் சதுரங்கப் பகுதிதான் எனக்கு உயிர்" என்றார் அவர். "யார் கைதி, யார் காவலாளி என்று நடத்தையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கிழவர் சொல்லிக் கொடுக்கிறார். கைதி பணிந்து போவான். காவலாளி அதிகாரம் செய்வான். அதை வைத்து இவனும் கைதிகளைப் பொறுக்கி எடுத்துத் தப்பும் வழி தேடுகிறான். கடைசியில் என்ன ஆயிற்று?"

"இவன் செய்த அதிகாரத்தைப் பார்த்து இவனையே காவலாளி என்று நினைத்துவிட்டார்கள்" என்றேன்.

"பார்த்தீர்களா! எல்லோரையும்விடச் சுதந்திரம் வேண்டும் என்றவன்தான் எல்லோரையும்விட அதிகாரம் செய்தவன். அங்கேயே முதலாம் நம்பர் யார் என்று தெரிந்துவிட்டது."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கடைசிப் பகுதியில் முதலாம் நம்பரின் முகமூடியை ஆறாம் நம்பர் பிடித்து இழுக்கிறான். உள்ளே குரங்கு முகமூடி. அதையும் இழுக்கிறான். உள்ளே தன்னுடைய முகமே பல்லைக் காட்டிச் சிரிக்கிறது! அதைப் பார்த்த ஜனங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பயங்கர வில்லனை எதிர்பார்த்துப் பதினேழு வாரம் காத்திருந்தவர்கள் அல்லவா? வெளியே தலைகாட்ட முடியாமல் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்று மக்கூஹனே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ரஸிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியின் ஆரம்பத்திலும், முதலாம் நம்பர் யார் என்று இவன் கேட்கிறான். நீ ஆறாம் நம்பர் என்று பதில் வருகிறது. கேள்வியைத் தட்டிக் கழித்ததாகத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் இங்கிலீஷில் அந்தப் பதிலின் நடுவே ஒரு காற்புள்ளி போட்டுப் படித்தால், "ஆறாம் நம்பரே, நீதான் அது" என்று அர்த்தம் மாறிவிடுகிறது! முதல் நாளிலேயே விடையைச் சொல்லிவிட்டார்கள், நமக்குத்தான் காது கேட்கவில்லை என்பது இவர்கள் வாதம். மனிதனுக்குள்ளே குடியிருக்கும் கெட்ட பாதிதான் முதலாம் நம்பர் என்ற பொருள்பட மக்கூஹனும் பின்னாளில் பேசியதுண்டு.

அந்த அம்மாள் இதுவரை பேசாமல் இருந்தார். "இவருக்கு எப்போதும் அந்த முகமூடிதான்" என்றார். "எனக்கு அந்தக் கதவு."

"எந்தக் கதவு?"

"அவன் தப்பி லண்டனுக்கு வந்து சேர்ந்த பிறகு, அவனுடைய வீட்டுக் கதவு தானாகத் திறக்கிறதே, கவனித்தீர்களா? அந்தக் கிராமத்திலும் கதவுகள் அப்படித்தான் திறக்கும்; சத்தமும் அதே சத்தம். வீட்டு வாசலில் என்ன நம்பர் தெரியுமா? ஒன்று! நடிகர்களின் பெயர்களைத் திரையில் போடுகிறபோது மற்றவர்களுக்கெல்லாம் பெயர் வருகிறது. அவனுக்கு மட்டும் 'கைதி' என்றுதான் வருகிறது. கடைசிக் காட்சியில் அவன் காரில் வேகமாக வருகிறான். முதல் பகுதியில் முதல் காட்சியும் அதேதான். அவன் எங்கே தப்பினான்?"

"தப்பித்தான் என்று வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்?" என்றார் கணவர்.

"தப்பிவிட்டான் என்று நினைத்தால் நாம் தூங்கப் போய்விடுவோம்" என்றார் அம்மாள்.

பிறகு தம்முடைய கதையைச் சொன்னார். 1967-ல் அவருக்குப் பதினெட்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாள் முழுவதும் "நம்பர் சொல்லுங்கள்" என்று கேட்பதுதான் உத்தியோகம். நாடகத்தின் முதல் பகுதியில் கதாநாயகன் டெலிபோனை எடுத்து வெளியூருக்குப் பேசவேண்டும் என்கிறான். எதிர்முனையில் ஒரு பெண் குரல் இனிமையாக, "உங்கள் நம்பர் என்ன?" என்று கேட்கிறது. நம்பர் இல்லை என்கிறான். நம்பர் இல்லாவிட்டால் இணைப்பும் இல்லை!

"அந்தக் குரல் என் குரல் மாதிரியே இருந்தது. நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. மரியாதையாகத்தான் கேட்டேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஊரில் கைதியாக ஒருத்தி இருப்பாள் என்றால் எனக்குப் புரியும். டெலிபோன் பெண்ணாகவும் ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? அவள் யார்?"

அவருக்கு நானும் பதில் சொல்லவில்லை, கணவரும் சொல்லவில்லை. அவர் மனைவியின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீரை ஊற்றினார்.

ஏன் என்ற கேள்வி

மழை விட்டதும் கடற்கரைக்கு இறங்கினேன். நீர் வடிந்து, கண்ணுக்கு எட்டியவரையில் வெறும் மணல். அப்படியே நடந்து எதிர்க்கரைக்குப் போய்விடலாம் போலத் தோன்றும். ஆனால் நம்பக்கூடாது, கடல் ஏறும்போது வெகு வேகமாக ஏறிவிடும். அந்த வெள்ளைப் பலூன் இங்கேதான் உருண்டு வந்தது. முதலில் அந்த வேலைக்கு ஓர் இயந்திர வண்டி செய்தார்களாம். அது தண்ணீரில் சரிப்பட்டு வரவில்லை. வானிலை ஆராய்ச்சிக்குப் பயன்படும் பலூன் ஒன்றைக் கொண்டுவந்து காரியத்தை முடித்தார்கள். அந்தப் பலூனுக்கு ரஸிகர்கள் எத்தனை தத்துவார்த்தம் கற்பித்திருக்கிறார்கள் என்று எண்ணினால் சிரிப்பு வருகிறது. ஆனாலும், முகமும் கையும் ஆயுதமும் இல்லாமல் வெறும் மூச்சை அடக்கிவிடும் அந்த உருண்டையைவிடப் பயங்கரமான காவலாளி வேறு ஏது?

கல் கப்பலின் பக்கத்தில் நின்று மேலே பார்த்தேன். மரங்களுக்கு மேல் இரண்டாம் நம்பரின் மாளிகையாக வந்த குவிமாடம் தெரிந்தது. ஊரில் குவிமாடப் பஞ்சம் வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லி ஸர் க்ளஃப் 1960-ஐ ஒட்டிக் கட்டிய குவிமாடம் அது. அதன் முகப்பில் இருப்பது எங்கோ ஒரு மாளிகையிலிருந்து வந்த பிரம்மாண்டமான கணப்பு அடுப்பின் மேற்பகுதி! அவர் ஆசையோடு கட்டியதும் அதே குவிமாடந்தான். நாடகத்தில் நம்மை நடுங்க வைத்ததும் அதே குவிமாடந்தான். கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. விருந்தாளிக்கு இது சொர்க்கம். போக அனுமதி இல்லாதவனுக்குச் சிறை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு வாசல். நாம் நினைத்தபோது அது திறக்கிறதா, இல்லையா என்பதுதான்.

நாடகத்தில் இன்னொரு பகுதி உண்டு. அந்த ஊராருக்கு டெலிவிஷன் மூலமாகவே படிப்பு ஏற்றுகிறார்கள். மூன்று வருஷப் பாடத்தை மூன்று நிமிஷத்தில்! பாடம் நடத்துவது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் ஒரு கம்ப்யூட்டர். ஆறாம் நம்பர் அதன் முன்னால் போய் ஒரே ஒரு சொல்லைத் தட்டுகிறான். 'ஏன்?' - அவ்வளவுதான். இயந்திரம் புகைந்து வெடித்துவிடுகிறது. 1967-ல் எழுதிய கதை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!

அந்த ஊரில் சாப்பாடு உண்டு, சங்கீதம் உண்டு, தேர்தல்கூட உண்டு. 'ஏன்' என்ற சொல் ஒன்றுக்குத்தான் இடமில்லை. அவன் ஏன் ராஜிநாமாச் செய்தான் என்று அவர்கள் கேட்கலாம். நான் ஏன் சொல்லவேண்டும் என்று அவன் கேட்கக்கூடாது. இப்படிப் பார்க்கும்போது, ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் காற்புள்ளியையும் கதவையும் கடியாரத்தையும் வைத்துக்கொண்டு வாதாடும் இந்த ரஸிகர்களைப் பைத்தியக்காரர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாடகத்துக்கு ஒரே விடை கிடைத்து எல்லோரும் அதை ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொண்டால், அந்தக் கிராமம் ஜெயித்துவிட்டது என்றல்லவா அர்த்தம்? விடை சொல்லாமல் போன மக்கூஹன் 2009-ம் வருஷம் ஜனவரியில் காலமானார். அந்த வருஷமே நாடகத்தைப் புதிதாகவும் எடுத்தார்கள்; ஆப்பிரிக்காவில் நமீபியா தேசத்துக் கடற்கரை ஊர் ஒன்றைக் கிராமமாக்கினார்கள். ஆனாலும் ரஸிகர்கள் தேடி வருவது இந்தப் போர்ட்மெரியனைத்தான்.

மாலையானதும், பகலில் வந்தவர்களெல்லாம் வாசலை நோக்கி நடந்தார்கள். இங்கே இரவு தங்கவேண்டுமானால் ஹோட்டலிலோ குடில்களிலோ முன்கூட்டியே அறை பிடித்திருக்கவேண்டும். நாடகத்தில் வெளியே விடமாட்டார்கள். நிஜத்தில் உள்ளே இருக்க விடமாட்டார்கள்! தேநீர்க் கடைத் தம்பதி எனக்கு முன்னால் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாசல் வளைவின் கீழே வந்ததும் கணவர் திரும்பி நின்று விரல்களை வட்டமாக்கிக் கண்ணருகே வைத்து ஊருக்கு ஒரு வந்தனம் செய்தார். அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு எப்படித் திறந்திருக்கிறது என்று பார்ப்பவர் போல, அதன் கீலை ஒரு முறை கையால் தொட்டுவிட்டு வெளியே போனார்.